மார்க்கை நிறுத்துப் பார்த்த மேதை

திருத்தணி மலை! முருகப்பெருமானின் ஐந்தாம் படைவீடு. ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள்.

அந்த மலையடிவாரத்து ஊரில், 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தெலுங்கு பேசும் குடும்பம். தந்தையார் வீராசாமி. ஜமீனில் சிறிய உத்தியோகம். தாயார் சீதம்மா. வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானம் கொஞ்சம்.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதியாக உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்.

அவர் பெரிய தத்துவ மேதை. இது ஊர் அறிந்த செய்தி. அவர் பிறந்த நாள்தான் ஆசிரியர் தினம். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு.

பரீட்சையில் வாங்கும் மார்க்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? மார்க்கு குறைந்தால் பிள்ளையின் அறிவு குறைவு என்று ஆகிவிடுமா? இந்தக் கேள்வியைச் சுதந்திர இந்தியாவில், சர்க்கார் அறிக்கையிலேயே எழுதி வைத்தவர் அவர்.

உபகாரச் சம்பளம்

ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது அதோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960-ல் மீண்டும் தமிழகத்துக்கு வந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்.

சிறுவன் ராதாகிருஷ்ணன் முதலில் திருத்தணியில் படித்தான். பிறகு திருப்பதியில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம். அடுத்து வேலூர் ஊரீசுக் கல்லூரி. கடைசியில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை. பாரிமுனைப் பக்கம் இருந்தது.

இத்தனை இடங்களில் படிக்கப் பணம் ஏது?

உபகாரச் சம்பளம்தான்! நல்ல மார்க்கு வாங்கினால் அது கிடைக்கும். மார்க்கு குறைந்தால் நின்று போகும். நின்று போனால் படிப்பும் நின்று போகும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மார்க்கு என்பது வெறும் எண் அல்ல. அதுதான் அடுத்த ஆண்டுப் படிப்பு. அதுதான் வீட்டின் நம்பிக்கை. இதைச் சிறு வயதிலேயே உணர்ந்தவர் ராதாகிருஷ்ணன்.

கல்லூரியில் என்ன பாடம் எடுப்பது என்ற கேள்வி வந்தது. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர், தம்முடைய பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் இலவசமாகக் கிடைத்தது. அதனால் தத்துவமே அவர் பாடம் ஆயிற்று! 1908-ல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த பேராசிரியர் ஹாக் வியந்து பாராட்டினார்.

மனதை ஆராயும் பாடம்

1909-ம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் ராதாகிருஷ்ணனுக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் தத்துவமும் மனோதத்துவமும் ஒரே துறையில் இருந்தன. மனிதன் எப்படி நினைக்கிறான், எப்படி மறக்கிறான், எப்படிக் கற்கிறான் என்று ஆராயும் சாஸ்திரமே மனோதத்துவம்.

ஆசிரியர் பயிற்சிக்காக அவர் சைதாப்பேட்டைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே மனோதத்துவப் பாடத்தில் அவருக்கு இருந்த தேர்ச்சியைப் பேராசிரியர் கண்டுகொண்டார். உடன் படித்தவர்களுக்கு அவரையே பாடம் சொல்லச் செய்தார். 1912-ல் மனோதத்துவம் பற்றிய அவருடைய சிறிய நூல் வெளிவந்தது.

1918-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1921-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்தது. அவர் மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில், மாணவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். வண்டிக்குப் பூச்சூட்டி, தாங்களே ரெயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள்!

கல்கத்தாவில் அவர் வகித்த பதவியின் பெயரே மனமும் ஒழுக்கமும் பற்றிய சாஸ்திரத்தின் பேராசிரியர் என்பதுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களில் மனோதத்துவத்துக்கு முதல் தனித்துறை தொடங்கியதும் அங்கேதான். அது 1916-ம் ஆண்டு.

பூக்காரி முழம்

அதே காலத்தில் மேல்நாடுகளில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. திருத்தணிக் கோவில் வாசலுக்குப் போனால் போதும்.

அங்கே ஒரு பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கலாம். பக்கத்துக் கடையிலும் இரண்டு முழம் வாங்கலாம். வீட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நீளம் ஒன்றாக இருக்காது. ஒருத்தி கை நீளம். இன்னொருத்தி கை குட்டை.

சரி, ஒரே பூக்காரியிடமே காலையிலும் மாலையிலும் வாங்கினால்? அப்போதும் ஒரு விரற்கடை வித்தியாசம் இருக்கும். காலையில் தாராளமாக அளந்திருப்பாள். மாலையில் பூ தீரும் நேரத்தில் கை சுருங்கியிருக்கும்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. அளக்கும் கருவி கையாக இருப்பதால் வந்த வித்தியாசம் இது. இதற்குத்தான் அளவைப் பிழை என்று பெயர்.

பரீட்சைத் தாளைத் திருத்துகிறவரும் ஒரு வகையில் முழம் போடுகிறவர்தான். ஒருவர் கை தாராளம்; ஒருவர் கை இறுக்கம். ஒருவரே காலையில் முதல் தாளைத் திருத்தும்போது இருக்கும் மனநிலை, இரவில் ஐம்பதாவது தாளைத் திருத்தும்போது இருக்காது.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் எட்ஜ்வொர்த் என்ற பேராசிரியர். வானத்து நட்சத்திரத்தை அளக்கும்போது எப்படிப் பிழை வருகிறதோ, அப்படியே பரீட்சை மார்க்கிலும் பிழை வருகிறது என்று அவர் எழுதினார். அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டு எது தெரியுமா? 1888! ராதாகிருஷ்ணன் பிறந்த அதே ஆண்டு!

பட்டாளத்தை விட்ட அதிகாரி

அடுத்து வந்தவர் ஸ்பியர்மன். ஆங்கிலப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவர். பர்மாவிலும் பணி புரிந்தவர். நடுவயதை நெருங்கும்போது பட்டாளத்தை விட்டுவிட்டு, ஜெர்மனிக்குப் போய் மனோதத்துவம் படித்தார். 1904-ல் அவர் எழுதிய கட்டுரைகள் இந்தத் துறைக்கே அடிப்படை ஆயின.

அவர் கண்ட உண்மை இதுதான். ஒரு பிள்ளை வாங்கும் மார்க்கில் இரண்டு பங்கு உண்டு. ஒரு பங்கு அவனுடைய உண்மையான திறமை. இன்னொரு பங்கு பிழை. பிழை சில சமயம் மார்க்கைக் கூட்டும். சில சமயம் குறைக்கும். பரீட்சைத் தாளைப் பார்த்து, இது திறமை, இது பிழை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் பிழை எவ்வளவு என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வழி, ஒரே பரீட்சையைச் சிறிது காலம் விட்டு இரண்டு முறை வைப்பது. முதல் முறை முன்னால் நின்றவர்கள் இரண்டாம் முறையும் முன்னால் நின்றால், அந்தப் பரீட்சையை நம்பலாம். வரிசை தலைகீழாக மாறினால் நம்ப முடியாது. இன்னொரு வழி, ஒரே பரீட்சையின் கேள்விகளை இரண்டாகப் பிரிப்பது. ஒற்றைப்படைக் கேள்விகளில் ஒரு மொத்தம். இரட்டைப்படைக் கேள்விகளில் ஒரு மொத்தம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

இப்படி ஒத்துப்போகும் அளவுக்கு நம்பகம் என்று பெயர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. சோற்றுக்கு அது சரி. ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. ஆனால் பிள்ளையின் அறிவு அப்படி வேகுவதில்லை. ஒரு பாடம் நன்றாக வெந்திருக்கும். இன்னொன்று அரை வேக்காடாக இருக்கும். ஐந்து கேள்வியை மட்டும் கேட்டு முடிவு கட்டினால், தெரிந்ததைக் கேட்டவனுக்கு யோகம், தெரியாததைக் கேட்டவனுக்குச் சோகம்! நல்ல கேள்விகளாக அதிகம் கேட்கக் கேட்கப் பிழை குறையும். இதையும் 1910-ல் கணக்காகவே எழுதிக் காட்டினார் ஸ்பியர்மன். பிரவுன் என்ற இன்னொரு அறிஞரும் அதே ஆண்டு அதையே கண்டு சொன்னார்.

ஒரே தாள், பல மார்க்கு

கணக்கை நம்பாதவர்களும் நம்பும்படி ஒரு சோதனை அமெரிக்காவில் நடந்தது. ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் அதை நடத்தினார்கள். 1912-ல் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். மார்க்குகள் மலைக்கும் மடுவுக்குமாக வந்தன. மொழிப் பாடம் என்பதால் அப்படி இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு கணக்குத் தாள் ஒன்றை அனுப்பினார்கள். அதற்கும் ஒருவர் 30-க்குக் குறைவாகப் போட்டார்; இன்னொருவர் 90-க்கு மேல் போட்டார்!

இங்கிலாந்திலும் இதைப் போல ஒரு சோதனை நடந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் சர் பிலிப் ஹார்ட்டாக். இந்தியாவுக்குப் பழக்கமானவர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அவருடைய குழு சரித்திரப் பாடத்தில் 15 விடைத்தாள்களை எடுத்தது. அவை எல்லாம் ஏற்கெனவே ஒரே மார்க்கு வாங்கிய தாள்கள். அவற்றைப் பல பரீட்சகர்களிடம் கொடுத்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தாள்களை அதே பரீட்சகர்களில் 14 பேரிடம் மறுபடியும் கொடுத்தது.

மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92 தீர்ப்புகள் மாறிப் போயின! முன்பு தேறியது என்று சொன்ன தாளை, அதே மனிதர் இப்போது தவறியது என்றார். முன்பு தவறிய தாள் இப்போது தேறியது. 1935-ல் இந்த முடிவு வெளிவந்தபோது கல்வி உலகமே திகைத்தது.

இரும்புக்கு உண்டு முத்திரை

இந்த இடத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியைப் பார்க்கலாம். அங்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு.

பழைய இரும்பு ஏற்றிய லாரி எடை மேடையில் ஏறும். சரக்கை இறக்கிவிட்டு, காலி வண்டியாக மறுபடியும் ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசமே சரக்கின் எடை. அந்த எடை மேடைக்குச் சர்க்கார் முத்திரை வேண்டும். குறித்த காலத்துக்கு ஒரு முறை, எடை தெரிந்த கற்களை வைத்துச் சரிபார்க்க வேண்டும். சரியில்லை என்றால் முத்திரை கிடையாது.

பழைய இரும்பை நிறுக்க இவ்வளவு ஜாக்கிரதை! பெற்ற பிள்ளையின் அறிவை நிறுக்கும் பரீட்சையைச் சரிபார்ப்பவர் யார்? அதற்கு முத்திரை எங்கே?

சுதந்திரம் வந்த மறு ஆண்டில், இந்தக் கேள்வி ராதாகிருஷ்ணனின் மேஜைக்கு வந்தது.

பத்துப் பேர் கமிஷன்

அதற்குள் ராதாகிருஷ்ணன் உலகப் புகழ் பெற்றுவிட்டார். 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1936 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1939 முதல் 1948 வரை காசி இந்து பல்கலைக்கழகத் துணைவேந்தர். நாற்பது ஆண்டுகளாக மாணவர்களோடு பழகியவர். எத்தனையோ பரீட்சைகளைக் கண்டவர்.

1948 நவம்பரில் மத்திய சர்க்கார் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனை அமைத்தது. அவர்தான் தலைவர். மொத்தம் பத்துப் பேர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ஓர் உறுப்பினர். விஞ்ஞானி மேகநாத சாஹா ஓர் உறுப்பினர். பிற்காலத்தில் ராதாகிருஷ்ணனுக்குப் பிறகு ஜனாதிபதியான ஜாகீர் உசேனும் ஓர் உறுப்பினர். இங்கிலாந்திலிருந்து ஒருவரும், அமெரிக்காவிலிருந்து இருவரும் வந்திருந்தார்கள்.

கமிஷன் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகச் சென்றது. பேராசிரியர்களைக் கேட்டது. மாணவர்களைக் கேட்டது. எங்கு போனாலும் ஒரே முறையீடு. பரீட்சை! பரீட்சை! பரீட்சை!

ஆண்டு முழுவதும் படித்ததை மூன்று மணி நேரம் தீர்மானிக்கிறது. கேள்வி சில, பாடம் பல. திருத்துகிறவர் யாரோ, அவர் மனப்போக்கு எப்படியோ. மாணவன் அறிவைத் தேடுவதில்லை. வரப்போகும் கேள்வியைத் தேடுகிறான். ஆசிரியரும் பாடத்தை விட்டுவிட்டுப் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

1949 ஆகஸ்டு மாதம் அறிக்கை தயாராயிற்று. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் செய்ய இடம் உண்டு என்றால், அது பரீட்சைச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்று கமிஷன் முடிவு செய்தது. எத்தனையோ குறைகள் இருந்த நாட்டில், முதல் குறை பரீட்சையே என்று துணிந்து சொன்னார்கள்!

கமிஷன் சொன்ன வழி

குறை சொல்வதோடு கமிஷன் நிற்கவில்லை. வழியும் சொன்னது.

பரீட்சை வைப்பது ஒரு சாஸ்திரம். அதை முறையாகக் கற்க வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பரீட்சைக்கென்றே முழுநேரக் குழு வேண்டும். அதில் ஒருவராவது சோதனை முறையும் புள்ளிவிவரக் கணக்கும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டாவது அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்காதவரைப் பரீட்சகராகப் போடக்கூடாது.

எல்லா மார்க்கையும் கடைசிப் பரீட்சையில் வைக்கக்கூடாது. மூன்றில் ஒரு பங்கை ஆண்டு முழுவதும் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் காய்ச்சல் வந்த பிள்ளை, ஓராண்டு உழைப்பையும் இழக்கக்கூடாது அல்லவா?

யார் திருத்தினாலும் ஒரே மார்க்கு வரும்படியான சிறு கேள்விகள் கொண்ட சோதனைகளும் வேண்டும். பள்ளி இறுதி மாணவர்களுக்கு மனோதத்துவச் சோதனைகளைத் தயாரிக்க வேண்டும்.

கருணை மார்க்கு கூடாது என்றும் கமிஷன் சொன்னது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தராசு கோணலாக இருந்தால் தராசைத்தான் நிமிர்த்த வேண்டும். தட்டில் ஒரு பிடி அள்ளிப் போட்டால் கோணல் நேராகிவிடாது.

இன்னொரு யோசனை அந்தக் காலத்தில் புரட்சியானது. சர்க்கார் நிர்வாக உத்தியோகத்துக்குப் பட்டம் அவசியம் என்று வைக்க வேண்டாம்; அதற்குத் தனிப் பரீட்சை வைத்தால் போதும் என்றது கமிஷன். வேலைக்காகவே பட்டம், பட்டத்துக்காகவே மார்க்கு என்ற சங்கிலியை அறுக்கப் பார்த்த யோசனை அது.

புத்தியை அளக்கும் சோதனை

மனோதத்துவச் சோதனை என்றால் என்ன? 1905-ல் பிரான்சு நாட்டில் பினே என்ற அறிஞர், சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து முதல் புத்திச் சோதனையைத் தயாரித்தார். எளிதில் தொடங்கிக் கடினத்தில் முடியும் 30 வேலைகள் அதில் இருந்தன. பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்து உதவி செய்வதே நோக்கம். குழந்தையின் நெற்றியில் முத்திரை குத்துவது அல்ல.

இந்தச் சோதனைகளிலும் பிழை உண்டு. ஒரு குழந்தைக்கு 100 என்று வந்தால், உண்மை அளவு 95 ஆகவும் இருக்கலாம். 105 ஆகவும் இருக்கலாம். தூக்கம், பசி, பயம், கேட்கும் மொழி எல்லாம் எண்ணை மாற்றும். ஆகையால்தான் நல்ல நிபுணர்கள் ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்துவதில்லை. இதிலிருந்து இது வரை இருக்கலாம் என்று சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம்பகம் மட்டும் போதாது. எப்போதும் 100 கிராம் குறைத்துக் காட்டும் தராசு, நூறு முறை நிறுத்தாலும் ஒரே எடையைத்தான் காட்டும். அது மாறாத தராசு. ஆனால் சரியான தராசு அல்ல! அப்படியே, மனப்பாடத்தை மட்டும் அளக்கும் பரீட்சை எப்போதும் ஒரே மாதிரி மார்க்கு கொடுக்கலாம். ஆனால் அது அறிவை அளக்கவில்லை.

பிறகு நடந்தது

அறிக்கை கொடுத்த 1949-ம் ஆண்டிலேயே ராதாகிருஷ்ணன் சோவியத் நாட்டுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். 1952-ல் உபஜனாதிபதி ஆனார். 1954-ல் பாரத ரத்னா பட்டம். 1962 முதல் 1967 வரை ஜனாதிபதி. திருத்தணிப் பிள்ளை டில்லி ராஷ்டிரபதி பவனத்தில் அமர்ந்தார்!

அவர் எழுப்பிய கேள்வியும் சும்மா இருக்கவில்லை.

கமிஷனில் உடனிருந்த லட்சுமணசாமி முதலியார், 1952-ல் அமைந்த உயர்நிலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைவர் ஆனார். எண்ணாக மார்க்கு போடுவதற்குப் பதில், குறியீடாகத் தரம் பிரிக்கலாம் என்று அந்தக் கமிஷன் யோசனை சொன்னது. 61 வாங்கியவனுக்கும் 62 வாங்கியவனுக்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா என்று யாரால் சொல்ல முடியும்? இருவரையும் ஒரே தரத்தில் வைப்பதுதானே நியாயம்? 1958-ல் மத்திய சர்க்கார் பரீட்சைச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது.

எல்லா யோசனையும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. சில மெல்ல வந்தன. சில பாதி வந்தன. இன்று கல்லூரிகளில் ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு ஒரு பங்கு மார்க்கு உண்டு. சில பல்கலைக்கழகங்களில் முதுகலை விடைத்தாளை இருவர் தனித்தனியே திருத்துகிறார்கள். வித்தியாசம் அதிகமானால் மூன்றாமவர் பார்க்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் விடைத்தாளின் நகலைப் பெற்று, மறுமதிப்பீடு கேட்கலாம். 2017 முதல் தமிழ்நாட்டில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் நின்றது. ஒரே மார்க்கு வித்தியாசத்தில் ஒரு பிள்ளையைத் தலையில் தூக்கி, இன்னொரு பிள்ளையை மறந்துவிடும் பழக்கம் அதோடு குறைந்தது.

வட்டத்தைக் கறுப்பாக்கும் பரீட்சைகளும் பெருகிவிட்டன. அவற்றை இயந்திரம் திருத்துகிறது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை, கோபம் இல்லை. திருத்துகிறவரால் வரும் பிழை போயிற்று. ஆனால் பிழையே போய்விட்டதா? நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், 40 கேள்விக்குச் சுமார் 10 சரியாக வந்துவிடும். அன்றைய உடம்பு, அன்றைய பயம், கேட்ட கேள்வி, கேட்காத கேள்வி எல்லாம் இன்னும் இருக்கின்றன. பிழையைக் குறைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது.

ஒரு மார்க்கில் ஓர் உயிர்

34 மார்க்கு வாங்கினால் தோல்வி. 35 வாங்கினால் வெற்றி. இடையில் இருப்பது ஒரே ஒரு மார்க்கு.

உண்மையில் 37 மார்க்கு திறமை உள்ள பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். பரீட்சையின் பிழை மேலும் கீழும் 4 மார்க்கு என்றால், அவனுக்கு 41-ம் வரலாம், 33-ம் வரலாம். 41 வந்தால் வீட்டில் பாயசம். 33 வந்தால் வீட்டில் அழுகை. பிள்ளை ஒருவனே! அறிவும் ஒன்றே! மாறியது அளவுகோல்.

இது தெரியாமல் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் வசை கேட்கிறார்கள்! பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு எத்தனை சொல்லம்புகள்! தவறிவிட்டோம் என்று மனம் உடைந்து, வாழ்வையே முடித்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. ஒரு நாள், ஒரு தாள், ஒருவர் போட்ட எண். அதற்கு ஓர் உயிர் விலையா?

பரீட்சையே வேண்டாம் என்று ராதாகிருஷ்ணன் சொல்லவில்லை. உழைத்தவனையும் உழைக்காதவனையும் பிரித்துக் காட்ட அளவு வேண்டும். பரீட்சையின் துணையால்தான் அவரும் மலையடிவாரத்திலிருந்து மேலே ஏறினார். ஆனால் அளவை அளவாகவே பார்க்க வேண்டும். எடை மேடை லாரியின் எடையைச் சொல்லும். சரக்கு நல்ல இரும்பா, துருப்பிடித்த இரும்பா என்று சொல்லாது. மார்க்கும் அப்படியே. அது பிள்ளையின் ஒரு நாளைய நிலையைச் சுமாராகச் சொல்லும். அவன் நாளை என்ன ஆவான் என்று சொல்லாது.

அணையாத விளக்கு

ராதாகிருஷ்ணன் 1962-ல் ஜனாதிபதி ஆனபோது, அவருடைய பிறந்த நாளைக் கொண்டாட அன்பர்கள் விரும்பினார்கள். தமக்கு விழா வேண்டாம், ஆசிரியர்களுக்கு விழா எடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அன்று முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் ஆயிற்று. அதிலும் ஒரு பொருள் இருக்கிறது. மூன்று மணி நேரப் பரீட்சை பார்க்காததை, ஆண்டு முழுவதும் உடனிருக்கும் ஆசிரியர் பார்க்கிறார். எந்தப் பிள்ளை பயந்தவன், எந்தப் பிள்ளை பசியோடு வருகிறவன், எந்தப் பிள்ளை மெல்லப் பேசினாலும் ஆழமாக நினைப்பவன் என்று அவருக்குத் தெரியும்.

1967-ல் பதவிக்காலம் முடிந்து ராதாகிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் அவர் வீடு. அந்தச் சாலைக்கு இன்று அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். 1975-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

ஒவ்வோர் ஆண்டும் கோடைகாலத்தில் தேர்வு முடிவு வருகிறது. வீட்டுக்கு வீடு எண்கள் வருகின்றன. எண் கூடினாலும் குறைந்தாலும், அதில் கொஞ்சம் பிழையும் கலந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது. முடிவு வந்த அன்று பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு வாய்ச் சோறும் ஓர் அன்பான வார்த்தையும். மறுமதிப்பீடு, மறுபரீட்சை, வேறு படிப்பு, வேறு தொழில் எல்லாம் மறுநாள் பேசிக்கொள்ளலாம்.